சத்தம் வந்த திசைக்குப் போனவர்

தணிகாசலம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் வேலூர் மண்டியில் வேனுக்கு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். மண்டிக்காரர் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். எங்கள் ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை மலையிலிருந்து பிணமாக இறக்கியிருக்கிறார்களாம், என்னை உடனே வரச் சொல்கிறார்களாம் என்றார். பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திருவண்ணாமலையில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலைக்குப் போகிறவர் ஒருவர்தான்.

தேரடித் தெருவில் மாலை வாங்க நின்றேன். பூக்காரர் நாரைச் சுற்றிக்கொண்டே யாருக்கு என்று கேட்டார். சொன்னதும் அவர் கை நின்றது. "விசில் முனி கூட்டிக்கினு போயிடுச்சே, அவருக்கா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மாலையை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். வீடு போய்ச் சேர்வதற்குள் இதே பேச்சை இன்னும் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டேன். அந்த மலையில் ஏதோ ஒன்று விசில் ஊதுகிறதாம். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே தணிகாசலத்தை அது ஒரு தடவை கூப்பிட்டதாம். அப்போது தப்பித்தவரை இப்போது விடாமல் பிடித்துக்கொண்டதாம்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் மனைவி கஸ்தூரி அண்ணி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். அலமாரி பாதி காலியாகக் கிடந்தது. ரிப்பேர் ஆகாத செட்டுகளைக்கூட ஜனங்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அவர் கை பட்ட ரேடியோவை வீட்டில் வைத்தால் அந்த விசில் சத்தம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு வேலை தெரியும். சால்டரிங் வைப்பார், வால்வு மாற்றுவார். இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கடையை வைத்துத்தான் வளர்க்க வேண்டும். "கடைய நான் பாத்துக்குவேன். ஆனா செட்டு குடுக்க ஆள் வரணுமே. அவரப் பேயா ஆக்கிட்டாங்கப்பா. நீ கூடவே இருந்தவன். நடந்தத நடந்த மாதிரி எழுது" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். நம் மலையேற்றக் கழகத்து நண்பர்களும் அவரிடம் ரேடியோ கொடுத்தவர்களும் இதைப் படிக்க வேண்டும். நான் காலேஜை இரண்டாம் வருஷத்திலேயே விட்டவன். அலங்காரமாக எழுத வராது. எந்த மலை என்று மட்டும் எழுத மாட்டேன். ஊருக்கு மேற்கே, செங்கம் ரோட்டைத் தாண்டி இருக்கிற ஒரு சின்ன மலை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெயரை எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் கற்பூரத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சுபேதார் ஒருவர் எங்கள் கழகத்துக்கு ஒரு போட்டியைப் பழக்கினார். அவர் அதற்கு ஓரியண்டீரிங் என்பார். நாங்கள் மேப் ரேஸ் என்போம். கையில் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் இருக்கும். காட்டுக்குள் அங்கங்கே பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு துணி கட்டியிருப்பார்கள். பக்கத்தில் பஸ் கண்டக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு டிக்கெட் பஞ்ச் தொங்கும். அந்த இடத்துக்கு நிலை என்று பெயர். வரைபடத்தை வைத்து அந்த இடங்களை வரிசையாகக் கண்டுபிடித்து, அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். விடியலில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். ஜோடியாகத்தான் ஓட வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் போகக் கூடாது.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் விசிலும் கொடுத்தார். அடிபட்டாலோ மாட்டிக்கொண்டாலோ ஆறு முறை ஊத வேண்டும், கொஞ்சம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். அது யார் காதில் விழுந்தாலும் போட்டியை விட்டுவிட்டு அங்கே போயாக வேண்டும். சுபேதார் வேறு எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். இதை மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் பழகியவர், ஒருவர் புதியவர் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ரேடியோ தணிகா வந்தார். நான் ஜெயித்தாக வேண்டும். படிப்பு போய்விட்டது, வீட்டில் பேச்சு போய்விட்டது, ஓடுவது ஒன்றுதான் எனக்கு வந்தது. அவரோ நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு வளைந்த ஆள், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். எதற்கு வந்தீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். "உக்காந்தே இருக்கறேன் தம்பி. எழுந்து நடந்தா எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு" என்றார்.

பழகுவதற்கு அவரை அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வேப்பமரத்தில் கட்டியிருந்த துணியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். கிட்டே போய்த் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் டிக்கெட் பஞ்ச்சை எடுத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. "மரத்துல துணி கட்டியிருந்தா கும்புடறதுதான தம்பி. இது சுபேதார் கட்டினது, இது சாமி கட்டினதுன்னு மரத்துக்குத் தெரியுமா?" என்றார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சின்ன வயதிலிருந்து பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போன கால்கள் அவை. எந்த மேடு வந்தாலும் அது வலது கைப்பக்கம் இருக்கும்படியாகவே ஒதுங்கும். மேட்டை இடது கைப்பக்கம் விட்டுப் போனால் கிட்டே என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். சரி என்பார். பத்தடியில் மறுபடி மேட்டை வலது கைப்பக்கம் வைத்துக்கொள்வார். தெரிந்து செய்யவில்லை. ஒரு குன்றை அப்படியே முழுசாகச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றோம். "புண்ணியமாவது கெடைக்கும் விடு" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நாங்கள் ஜெயிக்கப்போவதில்லை என்று. ஆனாலும் ஆசை விடவில்லை.

போட்டி அன்று ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து கிளம்பினோம். அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் காபி டம்ளரோடு நின்று கை தட்டினார்கள். நான் நினைத்ததைவிட அவர் நன்றாக வந்தார். வேகம் கம்மி, ஆனால் நிற்கவில்லை. பஸ் சத்தத்தை வைத்து ரோடு எந்தப் பக்கம் என்று சொன்னார். பம்புசெட் சத்தத்தை வைத்துக் கிணறு எங்கே என்று சொன்னார். உச்சிவெயில் வருவதற்குள் பாதி நிலைகளை முடித்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஜோடிதான். நான் மனசுக்குள் ஜெயித்தே விட்டேன்.

அப்புறம் அந்த மலை. அதில் இரும்பு இருக்கிறது. எப்போதோ யாரோ வந்து சோதனைக்காக அங்கங்கே பள்ளம் வெட்டியும் குழாய் இறக்கியும் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளங்களின் மேல் முள்செடி மூடிக் கிடக்கிறது. சுபேதாருக்கு இது தெரியாது. பாதி மலை ஏறியதும் திசைகாட்டியின் முள் மெதுவாகத் திரும்பியது. நான் நின்றுகொண்டிருந்தேன், முள் மட்டும் திரும்பிக்கொண்டே போனது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் வேறு பக்கம் காட்டியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நம் பெரிய மலை நான் நினைத்த பக்கத்தில் இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்றது. அந்தக் கோணத்தில் அது நான் பிறந்ததிலிருந்து பார்த்த மலையாகவே இல்லை. காற்று இல்லை. ஒரு பூச்சி சத்தம்கூட இல்லை. வெயிலில் கல் விரிகிற சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது.

அப்போதுதான் அவர் என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, நில்லு. விசில்."

நான் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை, வாண்ணா, நேரம் போகிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடையில் செட்டைத் திறக்கும் முன் அப்படித்தான் செய்வார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, காதைக் கிட்டே வைப்பார். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பாதி நேரம் மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடுவார். "முதல்ல கேளு, அப்பால தொற" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

"ஆறு வாட்டி ஊதறாங்க. நிறுத்தறாங்க. மறுபடி ஆறு வாட்டி. உனக்கு நெஜமா கேக்கலியா?"

"கேக்கலண்ணா. வெயில்ல காது அடைச்சிருக்கும் உனக்கு."

"உனக்குக் கேக்கலன்னா போவுது. எனக்குக் கேக்குது. கேட்டப்புறம் எப்படி அந்தாண்ட போறது?"

போய்விட்டார். ஜோடியை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. அதனால் நானும் பின்னாலேயே போனேன், வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டு. அவர் திரும்பவே இல்லை. முள்ளை விலக்கிக்கொண்டு, நடுவில் நின்று கேட்டு, மறுபடி நடந்தார். அன்று ஒன்றை மட்டும் கவனித்தேன். அவர் கால் ஒரு தடவைகூட எந்த மேட்டுக்கும் ஒதுங்கவில்லை. நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

மலையின் பின்பக்கச் சரிவில் ஒரு நீளமான பள்ளம். அதன் ஓரத்துக்கு நாங்கள் வந்த நேரத்தில், எதிர்ப்பக்கம் புதரை விலக்கிக்கொண்டு வேறொரு ஜோடி வந்தது. எங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது. "நீங்கதான ஊதினது? இன்னா ஆச்சு?" என்றார்கள். நாங்கள் இல்லை, நீங்கள் இல்லையா என்று தணிகாசலம் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் கீழே இருந்து மூன்றாவது ஜோடி மூச்சிரைக்க ஏறி வந்தது. அவர்களுக்கும் கேட்டிருந்தது. அவர்களும் நாங்கள்தான் ஊதினோம் என்று நினைத்துத்தான் வந்தார்கள்.

மலையில் அப்போது இருந்தது அவ்வளவு பேர்தான். மற்ற ஜோடிகள் மலைக்கே வந்து சேராமல் ரோட்டோரம் வழி தவறி நின்றது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவருக்கும் அடி இல்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நான் கத்தினேன். எல்லோருடைய விசிலையும் வாங்கிப் பார்த்தேன். வாயில் வைத்து ஊதியிருந்தால் உள்ளே எச்சில் ஈரம் இருக்கும். எல்லா விசிலும் வெயிலில் காய்ந்து கிடந்தது. அதில் ஒன்றில் புழுதி அடைத்து, ஊதினால் சத்தமே வரவில்லை.

"நாங்க எட்டிப் பாத்தோம் பாரு, அப்பவே நின்னுடுச்சு" என்றார் மூன்றாவது ஜோடியில் வந்த பையன். ஆறு பேர் நின்றோம். அதில் ஐந்து பேருக்குக் கேட்டிருந்தது. கேட்காதவன் நான் ஒருவன்தான்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். தணிகாசலம் போகவில்லை. பள்ளத்துக்குள் இறங்கினார். முள்ளுக்குள் கையை விட்டு விலக்கிப் பார்த்தார். யாருப்பா அங்கே, யாருப்பா அங்கே என்று பள்ளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை கூப்பிட்டுக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்தோம். அவர் கை முழுக்கக் கீறல். முகத்தில் ஏதோ ஒரு கணக்கை முடிக்காமல் எழுந்து வந்த மாதிரி ஒரு தவிப்பு.

அந்த மலையில் கட்டியிருந்த நிலையை அன்றைக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிவிட்டு வந்த ஆளே மறுநாள் போய்த் தேடிவிட்டு, இடம் தெரியவில்லை என்று திரும்பி வந்தார். ஒரு துணிதானே, போகட்டும் என்றுவிட்டார் சுபேதார். நாங்கள் செய்த தப்பு அதுதான். நம் பக்கத்தில் மரத்தில் துணி கட்டிவிட்டு அதை அவிழ்க்காமல் வரக் கூடாது.

விறகுக்குப் போன பெண்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் மலையில் விசில் கேட்ட கதை மலையடிவாரத்துக் குடிசைகள் வரை போயிருந்தது. அடுத்த வருஷம் நானும் தணிகாசலமும் போனபோது துணியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. சிவப்பு எது வெள்ளை எது என்று தெரியவில்லை. கீழே மூன்று கல் நட்டு, டிக்கெட் பஞ்சைச் சின்ன சூலம் மாதிரி செருகி வைத்திருந்தார்கள். விசில் முனி என்றார்கள். கோழி அறுத்த ரத்தம் கல்லில் காய்ந்திருந்தது. நம்ம சுபேதார் வாங்கிய துணி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. தணிகாசலம் இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

அதற்கப்புறம்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. முனியைத் தேடிப் போனார் என்று இன்றைக்கு ஊரே சொல்கிறது. இல்லை. அவர் தேடியது குழாயை. மண்ணில் இறக்கிவிட்டுப் போன இரும்புக் குழாயின் வாயில் காற்று பட்டால் ஊதுகிற சத்தம் வரலாம் என்பது அவர் எண்ணம். முள்ளுக்குள் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கல்லை வைத்து அடைத்தார். எங்கே குழாய், எங்கே பள்ளம், எங்கே திசைகாட்டியின் முள் திரும்புகிறது என்று வரைபடத்தில் குறித்தார். திசைகாட்டி உதவாத மலையில் பாறையைப் பார்த்து மரத்தைப் பார்த்து வழி வைத்தார். அந்த வேலையில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் ஒரு நாள் கடுப்பில் கேட்டேன், காற்றுக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியுமா என்று. அடுத்த வாரம் ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார். "தெரியாது. அதான் போறேன். சத்தம்னு ஒண்ணு வந்தா அனுப்பறவங்க ஒருத்தங்க இருக்கணும் தம்பி."

துணியை அவிழ்த்து எறிந்துவிடலாம் என்றேன். கூடாது என்றுவிட்டார். கும்பிடுகிறவர்கள் கையிலிருந்து பிடுங்கக் கூடாது, எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் அவர்களே விட்டுவிடுவார்கள் என்றார். எந்தப் பள்ளத்தில் ஊதினால் எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்க்க, சில ஞாயிறு அவர் உள்ளே நின்று ஊதுவார், நான் மேலே நின்று கேட்பேன். அந்த மலையில் எனக்குக் கேட்ட விசில் அது மட்டும்தான். பள்ளத்துக்குள் ஊதினால் சத்தம் மேலே நிற்கிறவன் காலடியிலிருந்து வராது. எதிர் மலையிலிருந்து வரும். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்தும் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு நாள் கீழே இறங்கியபோது குடிசைகளின் வாசலிலெல்லாம் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டோம். முனி கூப்பிட்டது, ஞாயிற்றுக்கிழமையில்தான் கூப்பிடும் என்றார்கள். தணிகாசலம் அங்கேயே நின்று, ஊதினது நான்தான் என்று விசிலை எடுத்துக் காட்டினார். அவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். நீங்க ஊதறது வேற சார், அது ஊதறது வேற என்று ஒரு பெரியவர் சொன்னார். செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே இங்க நான் ஊதக் கூடாது" என்றார். ஊதவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மலையில் சத்தமே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் ரோட்டுப் பக்கமாகத் தனியாக ஏறியிருக்கிறார். கீழே குடிசைப் பக்கம் யாரும் அவரைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அப்படியே கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் தேடவில்லை. நான் ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆடு மேய்க்கிறவர்கள் பள்ளத்துக்குள் பார்த்திருக்கிறார்கள். கால் எலும்பு முறிந்து உள்ளே விழுந்து கிடந்திருக்கிறார். தண்ணீர் பாட்டில் மேலேயே பாறையில் இருந்தது. விசில் பல்லுக்கு நடுவில் நசுங்கி இருந்தது.

அதே பள்ளமா என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். ஆமாம். அன்று நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்ற அதே பள்ளம்தான். அன்று அவர் கேட்டது இன்று அவர் ஊதியதைத்தானா என்றும் சிலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னொன்று மறந்துபோகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அண்ணி எழுதச் சொன்ன அன்றே நான் அந்தக் குடிசைகளுக்குப் போனேன். ஒரு அம்மா வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ரேடியோவைத் தணிகாசலம் இரண்டு மூன்று தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மலையில் ஏதாவது சத்தம் கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சேப்பா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சுது. திங்கக்கெழம பூரா விட்டு விட்டுக் கேட்டுக்கினே இருந்துச்சு. ரொம்ப நாளா வாய் தொறக்காத முனி இப்பிடி விடாம கூப்புடுதே, ஏதோ கொறன்னு, வூட்டுக்கு வூடு கற்பூரம் ஏத்தினோம். நான் தேங்கா ஒடச்சேன். ராவுக்குக் கம்மியாயிடுச்சு. சாமி அடங்கிடுச்சுன்னு படுத்துட்டோம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் இருந்த கடலை கையிலேயே இருந்தது.

"அவருதானாப்பா அது?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. அந்த அம்மா மலைப் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். நான் எழுந்தபோது சொன்னார். "எங்க செட்டு அவரு கடையிலதான் கீது. என் புள்ள போய் வாங்கியாந்துடறேன்னு சொல்லினு இருக்கறான். வேணாம்னு சொல்லிடறேன். அந்தம்மாவையே ரிப்பேர் பண்ணிக் குடுக்கச் சொல்லு."

நண்பர்களே, நடந்தது இவ்வளவுதான். தணிகாசலத்தை எதுவும் கூப்பிடவில்லை. அவர்தான் கூப்பிட்டார். ஒரு சாயங்காலமும் ஒரு பகலும் ஆறு ஆறாக எண்ணி, நிறுத்தி, மறுபடி எண்ணி ஊதியிருக்கிறார். கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. கேட்ட சத்தத்தை நோக்கி எழுந்து போகிறவர் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பள்ளத்துக்குள் கிடந்தார். உங்கள் வீட்டு ரேடியோவில் அவர் சத்தம் வராது. செட்டு கெட்டுப்போனால் பயப்படாமல் அந்தக் கடைக்கே கொண்டுபோங்கள்.

அன்று ஐந்து பேருக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை. கேட்காமலே அவர் பின்னால் போனேன், அவ்வளவுதான். போன வாரம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேனை ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன், வயலுக்குள்ளிருந்து யாரோ கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. லோடு வேலூருக்கு நேரத்தோடு போக வேண்டும். வண்டியை ஓரம்கட்டி இறங்கி, வரப்பு மேலே நடந்து போனேன். கடலைக் காட்டின் கோடியில் ஒருவர் கயிறு அறுத்துக்கொண்டு போன தன் மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னா வேணும் என்றார். ஒன்றும் வேண்டாம், சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தணிகாசலத்திடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த வரப்பில் நடந்துபோய்த் திரும்பியதுதான்.